டீச்சரம்மாவின் மொட்டைக் கள்ளி

பெற்றோல் வரிசை எங்கள் நர்சரி கேட்டைத் தாண்டிப் பல்லேகல மைதானப் பக்கம் வரைக்கும் நீண்டு கிடந்த வருசம் உங்களுக்கு நினைவிருக்கும். உங்களில் சிலர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். இல்லை, பள்ளிக்கூடமும் அப்போது பாதி நாள் பூட்டித்தான் கிடந்தது. வரிசையில் நின்ற த்ரீவீல்காரர்கள் பொழுது போகாமல் உள்ளே வந்து கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, பெற்றோல் காய்க்கிற மரம் ஒன்னும் வரல்லியா?" வந்தால் முதல் கன்று உங்களுக்குத்தான் என்று சொன்னேன். அவர் மறுநாளும் வந்து கேட்டார். வரிசை அசையவே இல்லை.

நான் சொல்லப்போவது அந்த வருசத்தில் நடந்தது. நர்சரிக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்குத்தான் சொல்கிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். "அப்பா, கள்ளிக்கு வாங்க" என்று இப்போதே சொல்லிவிட்டாள். வருகிறேன்.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அங்கே தேயிலை நாற்றுமேடையில்தான் வேலை பழகினேன். ஆகவே என் கை தேயிலைக் கை. தேயிலைக் கன்றுக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாடினால் உடனே காட்டிக்கொடுக்கும். கள்ளி அப்படியில்லை. உள்ளே அழுகி முடிகிற வரைக்கும் வெளியே சிரித்த முகமாக இருக்கும். கண்டி மாதிரி மழை ஊரில் கள்ளி வளர்ப்பதென்றால், தண்ணீர் ஊற்றப் போகிற கையைப் பிடித்து நிறுத்துவதுதான் வேலையில் பாதி. நம்முடைய ஆட்களுக்கு அது வரவே வராது. ஒரு மனிதர் வெள்ளிக்கிழமை தோறும் பூசையில் மிஞ்சின பால் தண்ணீரை ஜன்னலோரக் கள்ளிக்கு ஊற்றிவிட்டு, "சாமித் தண்ணிதானே, அது எப்படி அழுகும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அழுகிவிட்டது.

குரங்குகூட கள்ளியைத் தொடாது. ஒன்றே ஒன்று தொட்டது. அதற்குப் பிறகு அது எங்கள் கூரைப் பக்கமே வரவில்லை. சரி, அது வேறு கதை.

எங்கள் நர்சரியில் அப்போது மூன்று பேர். வத்தேகமக்காரரான முதலாளி, நான், அப்புறம் ஸ்டெல்லா. ஸ்டெல்லாவும் தோட்டத்துப் பிள்ளைதான். கொழுந்தெடுத்து, நாற்றுமேடையில் நின்று, கவ்வாத்து மலையில் மிலாறு பொறுக்கி வளர்ந்தவள். தேயிலைச் செடியைத் தறித்துவிடுவதுதான் கவ்வாத்து. தறித்து விழுகிற குச்சிகளுக்கு மிலாறு என்று பெயர். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுக் கன்றுகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவது ஒரு வழக்கம். அப்படித்தான் டீச்சரம்மாவின் உருண்டைக் கள்ளி எங்களிடம் வந்தது. டீச்சரம்மா யாழ்ப்பாணத்து ஆள். கண்டியில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்று, ஹந்தானை ஏற்றத்தில் தனியாக இருந்தார். கணவர் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர், காலமாகிவிட்டார். அவர் தியத்தலாவையில் வேலை செய்தபோது யாரோ கொடுத்த குட்டிக் கள்ளியை ரயிலில் கொண்டுவந்து வளர்த்திருக்கிறார். எங்களிடம் வந்தபோது அது ஒரு பெரிய சோற்றுப் பானை அளவு. மஞ்சள் முள், உச்சியில் வெள்ளைப் பஞ்சு. அவ்வளவு அழகான உருண்டைக் கள்ளியை நான் கண்டியில் வேறெங்கும் பார்த்ததில்லை.

டீச்சரம்மாவுக்கு அதன் மேல் ஆசை என்று சொல்ல மாட்டேன். கொண்டுவந்து இறக்கும்போதே திட்டினார்.

"தம்பி, உது எனக்குச் சக்களத்தி மாதிரி. தியத்தலாவையிலையிருந்து வரேக்கை என்னைப் பக்கத்துச் சீற்றிலை இருத்திப்போட்டு, உதை மடியிலை வைச்சுக்கொண்டு வந்த மனுசன் அவர். காலமை எழும்பினா எனக்குக் குட்மோர்ணிங் இல்லை, உதுக்குத்தான்."

"அப்ப வித்துருங்களேன் டீச்சரம்மா," என்றாள் ஸ்டெல்லா.

"விக்கிறதோ? விசர் கதை கதையாதை பிள்ளை. அவர் போனாப் பிறகு வீட்டிலை நான் கதைக்கிறதுக்கு வேறை ஆர் இருக்கினம்?"

நான் கிழவனாகத் தொடங்கியிருந்த அந்தக் காலத்தில் என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்தில் தங்கச்சிக்குச் சுகமில்லை, பார்த்துவிட்டுச் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று போனார். போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, தங்கச்சியின் நோயும் கூடிக்கொண்டு போனது.

இங்கே மழை தொடங்கியது. கள்ளிக் கொட்டிலின் பொலித்தீன் கூரை காற்றில் கிழிந்தது. புதிது எடுக்கக் கடையில் இல்லை, கடையில் இருந்தாலும் கொண்டுவர வண்டி இல்லை. சாக்குகளையும் பழைய தறப்பாளையும் வைத்து ஒட்டுப் போட்டோம். ஒட்டுப் போட்ட கூரை எங்கே ஒழுகும் என்று யாருக்குத் தெரியும்? டீச்சரம்மாவின் கள்ளிக்கு நேர் மேலே ஒழுகியிருக்கிறது. சொட்டுச் சொட்டாக உச்சிப் பஞ்சில் விழுந்து, அங்கேயே தேங்கி நின்றிருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பச்சையாக, கம்பீரமாக இருந்தது. ஒரு நாள் ஸ்டெல்லா ஈர்க்குக் குச்சியால் உச்சியில் கிடந்த இலையை எடுக்கப் போனாள். குச்சி உள்ளே இறங்கியது.

"ஐயோ அண்ணே!" என்று அவள் கூப்பிட்ட குரலில், பாம்புதான் என்று நினைத்து மண்வெட்டியோடு ஓடினேன்.

முதலாளி வந்து பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார். "போச்சு. இனி என்னத்த வைச்சிருக்கிறது? தூக்கிப் போடுங்க. அந்தம்மாவுக்கு நான் என்னான்னு சொல்றது?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வாடிக்கையாளர் முகம் வாடினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அவ்வளவு மென்மையான மனிதர் என்பதே அந்த வருசம் எங்களுக்குப் பிரச்சினையானது.

அழுகல் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று வெட்டினால்தான் தெரியும். வெட்டினால் டீச்சரம்மாவின் கள்ளிக்குத் தலை இருக்காது. வெட்டாவிட்டால் கள்ளியே இருக்காது. இந்த இடத்தில்தான் புது ஆட்கள் தடுமாறுவீர்கள். கொஞ்சம் மருந்து போட்டுப் பார்ப்போமா, நாளைக்கு வரைக்கும் பார்ப்போமா என்று தோன்றும். அழுகலுக்கு நாளை என்பதே கிடையாது. முதலாளி வீட்டுக் குசினியிலிருந்து பாண் வெட்டுகிற நீளக் கத்தியை வாங்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, உச்சியைச் சீவினேன். கறுப்பு. இன்னொரு சீவல். நடுவில் மண்ணிறம். இன்னும் சீவினேன். ஸ்டெல்லா ஒவ்வொரு சீவலுக்கும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் வெள்ளரிக்காய் உள்ளே இருக்கிற மாதிரிச் சுத்தமான சதை வந்தது. ஒரு புள்ளி இல்லை. அங்கே நிறுத்தினேன்.

கள்ளியில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிஞ்சினது குறுக்கே வெட்டின வத்தகப்பழம் மாதிரி இருந்தது. வெட்டுவாயில் கறுவாப்பட்டைத் தூளைத் தூவி, மழை படாத, காற்றுப் படுகிற மூலையில் வைத்தோம்.

"இது பொழைக்குமாண்ணே?"

"கவ்வாத்து மலையைப் பார்த்ததில்லையா நீ?"

அவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கவ்வாத்து வெட்டின மலையை முதல் முறை பார்க்கிற டவுன்காரர்கள் தோட்டம் செத்துவிட்டது என்பார்கள். கட்டை கட்டையாக நிற்கும். லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், வேர் நன்றாக இருந்தால் வெட்டின கட்டை துளிர்க்கும். உருண்டைக் கள்ளியும், குருத்து போனால் பக்கத்து முள் கண்களிலிருந்து குட்டி விட முயற்சி பண்ணும். பண்ணும் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். அவ்வளவு பெரிய கள்ளியில் பார்த்தது கிடையாது.

கண்டிப் பெரஹரா ஊர்வலம் முடிந்த கையோடு டீச்சரம்மா வருகிறார் என்று போன் வந்தது. அன்றைக்கு முதலாளி பேராதனைப் பக்கம் போய்த் தெரிந்தவர் ஒருவரிடம் அதே பருமனில் ஒரு உருண்டைக் கள்ளி வாங்கிக்கொண்டு வந்தார். வெட்டின கள்ளியை வேறு சட்டிக்கு மாற்றிவிட்டு, டீச்சரம்மாவின் சட்டியில் இதை நட்டுவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க இது?" என்றேன்.

"வயசான மனுசி. புருசன் வளத்தது. உண்மையைச் சொல்லி நெஞ்சு அடைச்சிட்டா யாரு பொறுப்பு? வித்தியாசம் தெரியாது. நீ வாயைத் தொறக்காத. எல்லாருக்கும் நல்லதுதானே?"

எனக்கும் அது நல்லது என்றுதான் பட்டது. அதை உங்களுக்கு மறைக்கவில்லை. முதலாளி சொன்னதில் பிழை கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்குப் பேச வராது. மூலையில் இருந்த மொட்டைக் கள்ளியை மட்டும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

டீச்சரம்மா வந்தார். மெலிந்திருந்தார். முதலாளி கதிரை போட்டு, பிளேன்ரீ கொடுத்து, கள்ளியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பறவாயில்லை. நான் இல்லாமல் நல்லாத்தான் இருந்திருக்கிறாய். கொழுத்துப் போனாய்."

முதலாளி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எல்லாம் முடிந்துவிட்டது போல இருந்தது. வித்தியாசம் தெரியவே இல்லை. டீச்சரம்மாவுக்குச் சந்தோசம், முதலாளிக்குச் சந்தோசம். நான் பேசாமல் இருந்தால் போதும்.

அப்போது அவர் கதிரையை இழுத்துக்கொண்டு கள்ளிக்குக் கிட்டப் போனார். நாங்கள் நிற்கிறோம் என்பதையே மறந்தது மாதிரி, குரலை இறக்கி அதோடு பேசினார்.

"உன்ரை ஆளிட்டைச் சொல்லு. தங்கச்சியும் போய்ச் சேந்திட்டாள் எண்டு. இனி அங்கை எனக்கு ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லு."

ஸ்டெல்லா திரும்பி நின்றுகொண்டாள். யாரோ ஒரு ஆள் வீட்டுக் கதவைத் தட்டி, தெரியாத ஆட்களிடம் மனதில் உள்ளதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. இன்னும் ஒரு வார்த்தை அவர் சொல்வதற்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"டீச்சரம்மா, இது உங்க கன்னு இல்லீங்க."

முதலாளி பிளேன்ரீக் கோப்பையை எடுக்கப் போனவர் அப்படியே நின்றார்.

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தம்பி சொல்லுறீர்?"

கூரை ஒழுகினது, உச்சி அழுகினது, வெட்டினது எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்த பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப நான் இப்ப ஆருக்குச் சொன்னனான்?"

முதலாளி முன்னுக்கு வந்தார். "டீச்சர், உங்க மனசு நோகக்கூடாதுன்னு தான்..."

"தெரியும். நீர் எனக்கு நல்லது செய்யத்தான் நினைச்சனீர். அதாலைதான் கோவம் கூட வருது." எழுந்தார். "எங்கை அது?"

மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெட்டுவாய் காய்ந்து, சுருங்கி, சாம்பல் நிறத்தில் நடுவில் குழிந்து போயிருந்தது. பார்க்க நன்றாகவே இல்லை. டீச்சரம்மா அதிக நேரம் பார்க்கவில்லை.

"வேர் இருக்கோ?"

"இருக்குங்க. வேர் நல்லா இருக்கு."

"இப்ப கொண்டு போகலாமோ?"

இதிலும் ஒரு சோதனை இருந்தது. அவர் மனதை ஆற்றுவதற்காக ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஹந்தானை ஏற்றத்துப் பனிமூட்டத்தில் அந்த ஆறாத காயம் தாங்காது. "இப்ப வேணாங்க. இங்கயே இருக்கட்டும். எப்ப துளிர்க்கும்னு எனக்குத் தெரியாது. துளிர்க்குமான்னும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் அந்தப் பேராதனைக் கள்ளியைத் தானே தூக்கிக்கொண்டு போய் விற்பனை மேசையில் வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் முடிந்து டீச்சரம்மா வந்தார். நேரே மூலைக்குப் போனார். கொஞ்ச நேரம் நின்று என்னவோ சொன்னார். நாங்கள் கிட்டப் போகவில்லை. தங்கச்சி விசயத்தைத்தான் திரும்பச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன், இந்த முறை சரியான இடத்தில். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை என்றால் அவர் வருவார். ஸ்டெல்லாவோடு வாயடிப்பார். "என்ன, மொட்டைக்கு ஒரு மயிரும் முளைக்கேல்லையோ? அவருக்கும் கடைசியிலை இப்பிடித்தான்" என்பார்.

மழை போய், தை பிறந்து, மாசி வெயில் வந்தது. மலைநாட்டு வெயில் என்று லேசாக நினைக்காதீர்கள். அந்த மாதம் உச்சியில் விழுகிற வெயில் இலையைக் கருக்கும். நான் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால், மொட்டைக் கள்ளியின் மேல் ஈரச் சாக்கு, அதன் மேல் பச்சைப் பன்னம் இலை. அழகாக, கூடாரம் மாதிரி.

ஸ்டெல்லா பெருமையோடு சொன்னாள்: "வெயிலு காஞ்சுச்சுண்ணே. வெட்டுன எடம் பொசுங்கிரும்னு மூடி வெச்சேன். ரெண்டு வேளையும் தண்ணி தெளிச்சேன்."

அவள் மேல் எப்படிக் கோபப்படுவது? கவ்வாத்து வெட்டின தேயிலையை வெயில் சுடாமலிருக்க மிலாறை அதன் மேலேயே போட்டு மூடுவது நாங்கள் எல்லாரும் கண்டது, செய்தது. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து கண்ட வைத்தியத்தைத்தான் செய்திருக்கிறாள். நிழல் கொடுத்தது சரி. ஈரம்தான் பிழை. தேயிலைக்கு உயிர் கொடுக்கிற அதே கை கள்ளியை அழுக வைக்கும். சாக்கைத் தூக்கினேன். காய்ந்திருந்த வெட்டுவாய் ஓரமாக இளகி, ஒரு பக்கம் கறுத்திருந்தது.

ஸ்டெல்லா கீழே விழுந்த பன்னம் இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

முதலாளிக்குத் தெரிந்ததும் கத்தினார். "ஒரு தடவ மானம் போச்சு. இப்ப ரெண்டாந் தடவ. நாளையிலருந்து நீ வேலைக்கு வராத!" அவளுக்கு அழுகையே வரவில்லை, அவ்வளவு பயம். நான் சொன்னேன்: "அதெல்லாம் பொறகு. மொதல்ல டீச்சரம்மாவுக்கு போன் போடுங்க. வெட்டுறதுக்கு முன்னால அவங்க பார்க்கணும்." முதலாளி என்னை முறைத்தார். ஆனால் போன் போட்டார். அதைச் சொல்ல வேண்டும். முதல் தடவை செய்ததை அவர் இரண்டாம் தடவை செய்யவில்லை.

டீச்சரம்மா த்ரீவீல் பிடித்து வந்தார். கறுத்த இடத்தைக் காட்டினேன். இன்னும் ஒரு சீவல் சீவ வேண்டும், எவ்வளவு ஆழம் போகும் என்று தெரியாது, வேர்க் கழுத்து வரைக்கும் போயிருந்தால் அதோடு முடிந்தது என்று சொன்னேன். ஸ்டெல்லா செய்தது என்று நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

"நாந்தான் டீச்சரம்மா. நாந்தான் தண்ணி ஊத்துனேன்."

"இவளை நிப்பாட்டிட்டேன் டீச்சர்," என்றார் முதலாளி.

டீச்சரம்மா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எத்தனை வகுப்பு அதற்கு நடுங்கியிருக்குமோ! "பிழை விட்ட பிள்ளையளை எல்லாம் வகுப்பாலை துரத்தியிருந்தால், நான் ஆளில்லாத வாங்கு மேசைக்குத்தான் கணக்குப் படிப்பிச்சிருப்பன். நீர் வேறை கன்றை என்ரை தலையிலை கட்டப் பாத்தனீர். நான் உம்மை விட்டுப்போட்டு வேறை கடைக்குப் போனனானோ? இஞ்சை வா பிள்ளை. இந்தக் குடையைப் பிடி. வெயில் படாமல் பிடி, ஆனால் தண்ணி மட்டும் ஊத்திப் போடாதை."

ஸ்டெல்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கத்தியைக் கையில் எடுத்தேன். முதல் தடவை வெட்டும்போது உரியவர் பக்கத்தில் இல்லை. இப்போது நிற்கிறார். மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. அப்படி நிற்கும்போது கை சிக்கனம் பிடிக்கும். கொஞ்சமாக வெட்டிவிட்டுப் போதும் என்று நிறுத்தத் தோன்றும். ஒரு சீவல் எடுத்தேன். கறுப்புப் போய்விட்டது, ஆனால் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு மண்ணிறக் கோடு.

"போதுந்தானே?" என்றார் முதலாளி மெதுவாக.

டீச்சரம்மா குனிந்து பார்த்தார். "அந்தக் கோடு என்ன தம்பி?"

"அதுவும் அழுகல்தாங்க."

"அப்ப ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீர்? வெட்டும்."

வெட்டினேன். இன்னும் ஒன்று. சுத்தமாக வந்தது. மிஞ்சியது ஒரு தேங்காய்ப் பாதி உயரம்கூட இல்லை. சட்டிக்குள் தேடிப் பார்க்க வேண்டும். சுற்றி ஒரு வரிசை முள் கண் மட்டும் பச்சையாக நின்றது. அதற்குக் கறுவாத் தூள் போட்டுக்கொண்டிருந்தபோது டீச்சரம்மா சொன்னார்: "தியத்தலாவையிலையிருந்து வரேக்கை இதைவிடச் சின்னன். அப்பவும் இருந்ததுதானே."

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. பிள்ளைகளே, இந்தத் தொழிலில் அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. தினமும் போய்ப் பார்க்காமல் இருக்க வேண்டும். தொட்டுப் பார்க்காமல் இருக்க வேண்டும். ஸ்டெல்லா கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அந்தக் கொட்டிலுக்குள் போவாள். டீச்சரம்மா கேட்பார், நாங்கள் தலையாட்டுவோம். வெள்ளிக்கிழமைகள் போயின. பெற்றோல் வரிசை அதற்கு முன்பே கரைந்திருந்தது. அந்த த்ரீவீல்காரர் ஒரு நாள் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார், மரம் இனித் தேவையில்லை என்று.

அடுத்த பெரஹராவுக்கு டவுனில் பந்தல் கட்டத் தொடங்கின வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, டீச்சரம்மாதான் முதலில் பார்த்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "இதென்ன, மொட்டைத் தலையிலை பேன் மாதிரி?" என்றார்.

நான் குனிந்தேன். விளிம்பில், முள் கண் ஒன்றின் மேல், கடுகு அளவு ஒரு மஞ்சள் பஞ்சு. பக்கத்தில் இன்னொன்று. அந்தப் பக்கம் இன்னொன்று. ஸ்டெல்லா கையைப் பின்னால் கட்டியபடியே குனிந்து பார்த்து, "குட்டிங்க டீச்சரம்மா! குட்டி விட்டிருக்கு!" என்று கத்தின கத்தலில் முதலாளி சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தார். பாம்பு என்று நினைத்திருப்பார்.

டீச்சரம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் தானாக வெளியே வந்துவிட்டோம். உள்ளே அவர் குரல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. சிரிக்கிற குரல்.

அந்தக் குட்டிகள் எலுமிச்சம்பழ அளவு வளர்கிற வரைக்கும் பொறுத்திருந்தோம். பிறகு மூன்றை மட்டும் அதிலேயே விட்டுவிட்டு மற்றவற்றைப் பிரித்தேன். பிரித்ததை உடனே நடவில்லை. காயவிட்டுத்தான் நட்டோம். ஸ்டெல்லாதான் நட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். டீச்சரம்மா முதல் குட்டியை அவளுக்குக் கொடுத்தார். இரண்டாவதை முதலாளியிடம் நீட்டி, "இது உமக்கு. இது உண்மையாவே என்ரை கன்றின்ரை குட்டி, பேராதனைக் கன்று இல்லை" என்றார். முதலாளி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகம் சிவந்து போனது, ஆனால் சிரித்தார்.

தாய்க் கன்றைக் கொண்டுபோக அன்றைக்கு த்ரீவீல் வந்தது. சட்டியைச் சாக்கில் சுற்றி, சீற்றில் அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பக்கத்திலை வைச்சா உருண்டு போகும்," என்றார் என்னிடம், நான் ஒன்றும் கேட்காமலே.

போன வருசம் நான் வேலையை விட்டேன். ஸ்டெல்லாதான் இப்போது கள்ளிக் கொட்டிலைப் பார்க்கிறாள், உங்களுக்குத் தெரியும். உள்ளே போகும்போது அவள் ஏன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள் என்று நீங்கள் கேட்டீர்களாம். இதுதான் காரணம். கொட்டிலின் நடு மேசையில், விற்பதற்கில்லை என்று சொல்லி வைத்திருக்கிற உருண்டைக் கள்ளிகள் எல்லாம் அந்த மொட்டையின் குட்டிகள்தான். அவை பெருத்து உச்சியில் பஞ்சு கட்டத் தொடங்கியிருக்கின்றன என்று சொன்னார்கள். காலம் வரும்போது அவற்றிலிருந்தும் நீங்கள் ஆட்களுக்குக் கொடுப்பீர்கள். அப்போது எனக்காக ஒன்று செய்யுங்கள். வாங்குகிறவர் முகம் எவ்வளவு மலர்ந்திருந்தாலும், முதலில் இது அழுகின கதையைச் சொல்லுங்கள். கூரை ஒழுகினதையும் சொல்லுங்கள், சாக்குப் போட்டதையும் சொல்லுங்கள். கேட்டுவிட்டும் அவர் கையை நீட்டினால், கன்றைக் கொடுங்கள். அவரும் இன்னொருவருக்குக் குட்டி பிரித்துக் கொடுக்கும்போது இதே மாதிரிச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.